வீட்டுக்கு ஒரு தர்மக்கணக்கு: அடிக்கடி கேக்குற கேள்விகளும் நான் சொல்ற பதிலும்

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒரு நீள நோட்டு கிடக்கும், அட்டையில ஸ்கெட்ச் பேனால "தர்மம்"னு எழுதியிருக்கும். போன தீபாவளிக்கு வந்த நாத்தனார் அதை பால் கணக்குன்னு நினைச்சு பிரிச்சுப் பாத்துட்டாங்க. "ஏன் அண்ணி, தர்மத்துக்குமா கணக்கு"ன்னு ஆரம்பிச்சது, அப்புறம் சித்தி, ஒரகத்தி, ஆபீஸ்ல ரெண்டு பேருன்னு ஆளாளுக்கு ஒண்ணு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை கட்டிருச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். நான் ஆடிட்டர் இல்ல, வீட்டுக் கணக்கு பாக்குறவ, அவ்வளவுதான்.

எவ்வளவு குடுக்கணும்? இத்தனை பர்சென்ட்னு ஏதாவது இருக்கா?

முஸ்லிம்கள்ல ஜகாத் தெளிவா இருக்கு, குறிப்பிட்ட அளவுக்கு மேல சேந்த சொத்து ஒரு ஹிஜ்ரி வருஷம் கையில நின்னா அதுல ரெண்டரை சதவீதம், அதாவது சம்பளத்துல இல்ல, சேமிப்புல. சர்ச்சுல தசமபாகம்னு பத்துல ஒண்ணு. நம்ம வீட்டுல சொல்றது "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்". நல்ல பழமொழிதான், ஆனா யாருக்குங்க மிஞ்சியிருக்கு? இருபதாயிரம் வாங்கும்போதும் மிஞ்சல, எண்பத்தஞ்சு வரும்போதும் மிஞ்சல. அதனால மிஞ்சுறதைக் குடுக்கலாம்னு காத்திருக்கறதை நாங்க விட்டுட்டோம்.

எங்க கணக்கு: ரெண்டு பேர் சம்பளமும் சேந்து கைக்கு வர்றது மாசம் 85,000 சுமார், அதுல 2,500 எடுத்து வச்சிடறோம், வருஷத்துக்கு 30,000. மூணு சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஆரம்பிச்சப்போ மாசம் 500 தான். கிரெடிட் கார்டு பாக்கி வட்டி ஓடிட்டு இருக்கு, நகை அடகுல இருக்குன்னா முதல்ல அதை அடைங்க, அது வரைக்கும் மாசம் 100 வச்சாலும் போதும், தப்பே இல்ல.

கேக்கும்போது இருக்கறதைக் குடுத்தா போதாதா, எதுக்கு முன்னாடியே ஒதுக்கணும்?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

எங்கப்பா விருதுநகர் பக்கம் மளிகைக்கடை வச்சிருந்தார். அந்தப் பக்கம் வியாபாரிங்க மத்தியில மகமைன்னு ஒரு பழக்கம், மூட்டைக்கு இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகையை விக்கிறப்பவே பொதுக்காரியத்துக்குத் தனியா எடுத்து வச்சிடுவாங்க. லாபமா நஷ்டமான்னு அப்புறம் பாக்கலாம், மகமை முதல்ல போயிரும். அப்படிச் சேந்த காசுலதான் அந்தப் பக்கம் கோயிலு, பள்ளிக்கூடம் எல்லாம் நடந்துச்சு. காமராஜர் படிச்ச சத்திரிய வித்யாசாலா பள்ளிக்கூடத்துக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி வசூல் பண்ணாங்கன்னு சொல்லுவாங்க, உலை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடியை எடுத்து தனிப் பானையில போட்டுடறது. சாப்ட்டு மிச்சமானதை இல்ல, உலை வைக்க முன்னாடி.

அப்பா கடை பேரேட்டுல மகமைக்குத் தனிப் பத்தி இருக்கும். யாராவது வசூலுக்கு வந்தா அவர் கல்லாவைத் திறக்கமாட்டார், அந்தப் பத்தியைத்தான் பாப்பார். இருந்தா குடுப்பார், இல்லன்னா "அடுத்த மாசம் வாங்க"ன்னுவார். வந்தவங்களுக்கும் கோவம் வராது, இவருக்கும் மனசு உறுத்தாது. நானெல்லாம் கல்யாணமான புதுசுல யார் அழுதுட்டு கேட்டாலும் குடுத்துட்டு அப்புறம் வீட்டுல சண்டை, இல்லன்னா குடுக்காம விட்டுட்டு ராத்திரி தூக்கம் வராது. கேக்குற நேரத்துல முடிவு பண்ணா யார் நல்லா கேக்குறாங்களோ அவங்களுக்குத்தான் போகும், யாருக்குத் தேவையோ அவங்களுக்கு இல்ல. அதனால சித்திரை முதல் வாரம் உக்காந்து வருஷத்துக்கு முடிவு பண்ணிடுவோம், சம்பளம் வந்த அன்னைக்கே 2,500 தனி சேவிங்ஸ் அக்கவுண்டுக்குப் போயிரும்.

அந்த 30,000-த்தை எப்படிப் பிரிக்கறீங்க?

18,000 ரெண்டே ரெண்டு இடத்துக்கு, வருஷா வருஷம் அதே இடம். 6,000 தெரிஞ்சவங்க சொந்தக்காரங்க அவசரத்துக்கு. 3,000 கோயில். மீதி 3,000 திடீர்னு நீளுற கைக்கு, அதுக்கு ஆராய்ச்சி கிடையாது. முதல்ல நாங்களும் முப்பது இடத்துக்கு ஆயிரம் ஆயிரமா குடுத்தோம், எந்த இடத்துலயும் என்ன ஆச்சுன்னே தெரியல.

வீட்டுல ஒத்துப்போகலைன்னா?

போகவே போகாது. மாமியாருக்குக் கோயில், வீட்டுக்காரருக்கு தெருநாய்க்கு ஊசி ஆபரேஷன்னு போற இடம், எனக்குப் படிப்பு. ரெண்டு வருஷம் வாதம் பண்ணி கடைசியில பெரிய தொகைக்கு மட்டும் ரெண்டு பேர் சம்மதம் வேணும், மத்தபடி ஆளுக்கு ஒரு பங்கு, அதுல அடுத்தவங்க மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு வச்சோம். அந்தக் கோயில் 3,000 முழுக்க மாமியார் கையில, ரசீது கூட நான் கேக்கறதில்ல.

ஒண்ணு மட்டும் கறாரா சொல்லிடறேன், உங்க தம்பி காசுல நீங்க தாராளமா வாக்குக் குடுத்துட்டு வர்றது தர்மம் இல்ல. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கற கதை. எங்க குடும்பத்துல அப்படி ஒரு பெரிய மனுஷர் இருக்கார், இதைப் படிச்சா அவருக்கே தெரியும்.

கோயிலுக்குக் குடுக்கறது தர்மக்கணக்குல வருமா?

உங்க நோட்டு, உங்க இஷ்டம். அன்னதானத்தைப் பொறுத்தவரை எனக்கு சந்தேகமே இல்ல, வடலூர்ல வள்ளலார் 1867-ல மூட்டின அடுப்பு இன்னைக்கும் எரியுது, போய் உக்காந்தா எந்த ஊரு என்ன சாதின்னு யாரும் கேக்கமாட்டாங்க, அதைவிட என்ன வேணும்.

ஆனா கட்டளை வைக்கிறவங்க கொஞ்சம் யோசிங்க. எங்க தாத்தா பேர்ல ஊர்க் கோயில்ல ஒரு கட்டளை இருக்கு, அந்தக் காலத்துல ஆயிரம் ரூபாய் டெபாசிட், அந்த வட்டியில வருஷத்துக்கு ஒரு நாள் பிரசாதம். அப்போ அந்த வட்டிக்கு ஒரு பெரிய அண்டா சக்கரைப் பொங்கல் வந்திருக்கும், இப்போ ஏழு சதவீதம்னு வச்சாலும் எழுபது ரூபாய், அரைக் கிலோ முந்திரி கூட வராது. குருக்கள் பாவம், தாத்தா பேரைச் சொல்லி அர்ச்சனை பண்ணி ஒரு தொன்னையில குடுப்பார். டெபாசிட் பண்ணிட்டோம், காலத்துக்கும் நடக்கும்னு விட்டுடாதீங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை போய் விசாரிச்சு கொஞ்சம் சேத்துப் போடுங்க. இது கோயிலுக்கு மட்டும் இல்ல, காலேஜ்ல பரிசு, மெடல்னு வைக்கிற அறக்கட்டளைக்கும் இதே கதிதான்.

சொந்தக்காரங்களுக்குக் குடுக்கறது தர்மமா, கடனா?

குடுக்கும்போதே உங்க மனசுல முடிவு பண்ணிடுங்க. திரும்பி வரலைன்னா பேச்சுவார்த்தை நிக்கும்னு தோணுச்சுன்னா கடனா குடுக்காதீங்க, உங்களால தாங்குற தொகையைச் சும்மா குடுத்துடுங்க. அம்பதாயிரம் கேட்ட ஒருத்தருக்கு நாங்க எட்டாயிரம் குடுத்து "இது திருப்பித் தர வேண்டாம்"னு சொன்னோம், அவர் முகம் கொஞ்சம் சுருங்குச்சு, ஆனா இன்னைக்கும் வீட்டுக்கு வந்து போறார். அம்பதாயிரத்தை கைமாத்தா குடுத்த இன்னொருத்தர் வீட்டுப் பக்கம் அவர் தலை வச்சே படுக்கறதில்ல.

மொய்யை இதுல சேக்காதீங்க. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துல நோட்டு போட்டு எழுதி வாங்குறாங்களே, அது திரும்பி வரவேண்டிய காசு, ஊர் கூடி நடத்துற வட்டியில்லா கடன் மாதிரி. நல்ல ஏற்பாடு, ஆனா தர்மம் வேற.

வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு செய்யறது?

அது தர்மத்துல வராது, சம்பளத்துல வரும். மூணு வருஷமா சம்பளம் ஏத்தாம, லீவு போட்டா பிடிச்சுட்டு, அமாவாசைக்கு நூறு பேருக்கு சாப்பாடு போடறவங்களை எனக்குத் தெரியும். முதல்ல இங்க சரி பண்ணிட்டு அப்புறம் நோட்டை எடுங்க.

ஒரு டிரஸ்ட் உண்மையா போலியான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேன்னு வாங்குறவனுக்குச் சொன்னது. குடுக்குறவங்க பல்லைப் பிடிச்சுத்தான் பாக்கணும்.

முதல்ல 12ஏ (டிரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (குடுக்கறவங்களுக்கு வரிக் கழிவு) பதிவு ஆர்டர் காப்பி கேளுங்க, வருமான வரித்துறை சைட்டுல பேரைப் போட்டுத் தேடலாம். தொண்டு நிறுவனங்க பதிவு பண்ற நிதி ஆயோக்கோட தர்பன் போர்ட்டல்ல பதிவு நம்பர் இருக்கான்னு பாருங்க. குழந்தைங்க ஹோம்னா 2015 சிறார் நீதிச் சட்டத்துல பதிவு பண்ணியே ஆகணும், அந்த சர்டிபிகேட் ஆபீஸ் ரூம்ல மாட்டியிருக்கணும். போன வருஷ ஆடிட் ரிப்போர்ட் கேளுங்க. நல்லா நடத்துறவங்க சந்தோஷமா அனுப்புவாங்க, "நம்பிக்கை இல்லையா மேடம்"னு கேக்குறவங்ககிட்ட கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.

ஆனா பேப்பர் எல்லாம் சரியா இருந்தும் வேலை சரியில்லாத இடம் இருக்கு, அதனால ஒரு தடவை சொல்லாம கொள்ளாம போய்ப் பாருங்க. நான் பாக்குறது சமையல்கட்டும் பாத்ரூமும்தான். ஹால்ல போட்டோ மாட்டி டைல்ஸ் போட்டிருப்பாங்க, பாத்ரூம் கதவுல தாழ்ப்பாளே இருக்காது.

சிலர் "சம்பளத்துக்கு எவ்வளவு போகுது, அதெல்லாம் வேஸ்ட்"ம்பாங்க. அப்படிப் பாக்காதீங்க, நாப்பது பிள்ளைங்களைப் பாத்துக்கற வார்டன் அம்மா சம்பளமும் செலவுக் கணக்குலதான் வரும், அவங்க நல்லா இருந்தாத்தான் பிள்ளைங்க நல்லா இருக்கும்.

போன் பண்ணி "ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் மேடம், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள"ன்னு கேக்குறாங்க பாருங்க, அவசரப்படுத்துனாலே வச்சிடுவேன். மால்ல அட்டை வச்சு நின்னு மாசாமாசம் ஆட்டோ டெபிட் போடச் சொல்றவங்ககிட்டயும் அங்கயே கையெழுத்துப் போட மாட்டேன், பேரைக் குறிச்சுட்டு வந்து வீட்டுல பாத்துட்டுப் போடுவேன். ஏற்கனவே போட்டு மாட்டிக்கிட்டவங்க யூபிஐ ஆப்ல ஆட்டோபேன்னு இருக்கும், அங்க போய் நீங்களே கேன்சல் பண்ணலாம்.

80ஜி-ல டாக்ஸ் எவ்வளவு மிச்சமாகும்?

நிறைய பேர் குடுத்த பணம் முழுசும் டாக்ஸ்ல திரும்பி வரும்னு நினைக்கறாங்க, அப்படி இல்ல. முதல் விஷயம், புது வரி முறையில இருந்தா 80ஜி கிடையவே கிடையாது, இப்போ நீங்களா மாத்தலைன்னா புது முறைதான் தானா வரும். பழைய முறையில இருக்கீங்கன்னா, சாதாரண டிரஸ்டுக்குக் குடுத்ததுல பாதிதான் வருமானத்துல கழியும், அதுக்கும் மொத்தமா ஒரு வரம்பு இருக்கு. 10,000 குடுத்தா 5,000 கழியும், இருபது சதவீத ஸ்லாப்ல இருக்கறவருக்கு செஸ்ஸோட சேத்து மிச்சம் 1,040 ரூபாய். அவ்வளவுதான். பிரதமர் நிவாரண நிதி, முதலமைச்சர் நிவாரண நிதி மாதிரி சிலதுக்கு முழுத் தொகையும் கழியும்.

ரொக்கமா 2,000-க்கு மேல குடுத்தா கழிவு இல்ல. அரிசி மூட்டை, பெட்ஷீட்டுன்னு பொருளா குடுத்தாலும் இல்ல. உண்டியல்ல போட்டதுக்கும் இல்ல, ரசீது எங்க இருக்கு? கோயில்ல ரசீது வாங்குனாலும் அதுல 80ஜி நம்பர் இருக்கான்னு பாக்கணும், எல்லா கோயிலுக்கும் கிடையாது. அந்த டிரஸ்ட் உங்க பான் நம்பரோட கணக்கு தாக்கல் பண்ணி 10பிஇ-ன்னு ஒரு சர்டிபிகேட் தரணும், வழக்கமா அடுத்த மே 31 கெடு, அது இல்லாம வெறும் ரசீதை வச்சுக்கிட்டு கிளெய்ம் பண்ணா மாட்டும். 2026 ஏப்ரல்லருந்து புது வருமான வரிச் சட்டம், பிரிவு நம்பரெல்லாம் மாறுது, அதனால ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

டாக்ஸுக்காக மார்ச் 30-ம் தேதி ஓடிப்போய்க் குடுக்கறவங்களுக்கு ஒண்ணு: ஆயிரத்து நாப்பது மிச்சம் பண்ண பத்தாயிரம் செலவு பண்றது நல்ல வியாபாரம் இல்ல. குடுக்கணும்னு இருந்தா குடுங்க.

அரசுப் பள்ளிக்கு ஏதாவது வாங்கிக் குடுக்கலாமா?

குடுங்க, ஆனா நான் பண்ண முட்டாள்தனத்தைப் பண்ணாதீங்க. மாமனார் நினைவா ஒரு பள்ளிக்கு 15,000 ரூபாய்ல தண்ணி சுத்திகரிக்கிற மிஷின் வாங்கிக் குடுத்தோம். மஞ்சள் குங்குமம் வச்சு, மாலை போட்டு, பேர் பொறிச்ச பித்தளைத் தகடு மாட்டி, போட்டோ எடுத்து. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் போனப்போ எட்டிப் பாத்தேன், மிஷின் மேல துணி மூடி அதுக்கு மேல சார்ட் பேப்பர் சுருள் அடுக்கியிருந்துச்சு, பிள்ளைங்க பழையபடி தொட்டி பைப்புல வாயை வச்சுக் குடிக்குதுங்க. ஹெச்.எம். நல்ல மனுஷி, சங்கடமா சொன்னாங்க, ஃபில்டர் மாத்த வருஷத்துக்கு நாலாயிரம் ஆகுது, எந்தக் கணக்குல எடுக்கறதுன்னு தெரியல. தப்பு எங்க பேர்லதான், மிஷின் வாங்குனோம், ஃபில்டரை நினைக்கல. பித்தளைத் தகடு மட்டும் பளபளன்னு இருந்துச்சு. கோயில் ட்யூப்லைட்டுல பாதி வெளிச்சத்தை உபயம் பேரே மறைக்கும்னு கிண்டல் பண்ணுவோம்ல, அதே கதை நமக்கு.

இப்போ போய் "என்ன வேணும்"னு மட்டும் கேக்கறோம். ஒரு வருஷம் தற்காலிகமா ஒரு துப்புரவு அக்காவுக்கு சம்பளத்துல பங்கு, இன்னொரு வருஷம் கழிப்பறைக் கதவு. தகடு மாட்டற வேலையே இல்ல. கிராமப் பக்கம் கல்விச் சீர்னு ஊரே சேந்து தாம்பாளத்துல நோட்டு, பேனா, ஃபேன், பீரோ, நாற்காலின்னு மேளதாளத்தோட பள்ளிக்கு ஊர்வலமா கொண்டு போறாங்க, தாய்மாமன் சீர் மாதிரி, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா லிஸ்ட்டை டீச்சர்கிட்ட வாங்கித்தான் ஊர்ல பங்கு போடுவாங்க. அரசாங்கம் வழியா குடுக்கணும்னா "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் 2022 டிசம்பர்ல ஆரம்பிச்சது இருக்கு, பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் குடுக்கலாம்.

மதுரை கொடிக்குளத்துல ஆயி அம்மாள், பூரணம்னும் சொல்லுவாங்க, பேங்க்ல வேலை பாக்குறவங்க, இறந்துபோன மகள் நினைவா 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊர்ப் பள்ளியைத் தரம் உயர்த்த எழுதிக் குடுத்தாங்க. 2024 ஜனவரியில வெளிய தெரிஞ்சு பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. பள்ளியை உயர்த்த இடம்தான் இல்ல, அவங்க குடுத்ததும் இடம்தான், அதைத்தான் நான் கவனிச்சேன்.

பிறந்தநாளுக்கு ஆசிரமத்துல சாப்பாடு போடலாமா?

என் பொண்ணு ஏழாவது பிறந்தநாளுக்குப் போனோம். பிரியாணி, கேக்கு. பிள்ளைங்க வரிசையா நின்னு கை தட்டி பாட்டு பாடுச்சுங்க, நல்லா பழகின மாதிரி ஒரே சுருதியில. முடிஞ்சதும் என் பொண்ணு வயசு இருக்கற ஒண்ணு பக்கத்துல வந்து "ஆன்ட்டி, நேத்து வந்தவங்க சாக்லேட் கேக்கு, நீங்க வெண்ணிலாவா"ன்னு கேட்டுச்சு. சோகமா எல்லாம் கேக்கல, சும்மா விவரம் கேட்டுச்சு. அதுங்க தினம் யாருக்கோ பாடுதுங்க. அதோட சனி ஞாயிறு, ஆகஸ்ட் 15, தலைவர்ங்க பிறந்தநாள்னா ரெண்டு மூணு குடும்பம் வரிசையில நிக்கும், செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு ஆள் இருக்காது.

இப்போ ஹோமுக்கு போன் பண்ணி எந்தத் தேதி காலியா இருக்குன்னு கேட்டு அன்னைக்கு மளிகைக்குப் பணம் அனுப்பிடறோம். நாங்க போறதில்ல, போட்டோ வேண்டாம்னு சொல்லிடறோம். சாப்பாட்டைவிட அவங்களுக்கு இழுபறியா இருக்கறது கரண்ட் பில்லு, வாடகை, பெரிய பொண்ணுங்களுக்கு நாப்கின், பன்னெண்டாவது முடிச்ச பிள்ளைக்கு ஹாஸ்டல் பீஸ். இதையெல்லாம் யாரும் பிறந்தநாளுக்குக் குடுக்க மாட்டாங்க.

ஆஸ்பத்திரி பில்லுக்கு உதவி கேட்டு மெசேஜ் வருதே?

அந்தக் குடும்பத்தோட நேரா பேச முடிஞ்சா பேசுங்க. முதல்ல கேக்க வேண்டியது, முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கான்னு. வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் இருக்கு, பல பேருக்கு அட்டையே எடுக்கத் தெரியல. கூட ஒருத்தர் போய் வருமானச் சான்றிதழ் வாங்கி கலெக்டர் ஆபீஸ்ல அட்டை போட்டுக் குடுத்தா நம்ம ரெண்டாயிரத்தைவிட அது பெரிய உதவி. விபத்துன்னா முதல் 48 மணி நேரத்துக்குத் தனித் திட்டமே இருக்கு. பணம் குடுக்கறதா இருந்தா ஆஸ்பத்திரியில அந்த நோயாளியோட ஐபி நம்பருக்கு (உள்நோயாளி எண்) கவுண்டர்ல கட்டுங்க, காலேஜ் பீஸ்னா காலேஜ் பேர்ல டிடி. பழைய மெசேஜ் ரொம்ப சுத்துது, குழந்தை குணமாகி ஸ்கூலுக்கே போயிருக்கும், போட்டோ மட்டும் இன்னும் ஐசியூல இருக்கும்.

வெள்ளம், புயல் வந்தா உடனே என்ன பண்றது?

பழைய துணி அனுப்பாதீங்க. 2004 சுனாமி அப்போ நாகப்பட்டினத்துல ரோட்டோரம் மலை மாதிரி பழைய துணி கிடந்துச்சு, எல்லாத்தையும் இழந்தவங்க அதைத் தொடல, அவங்களுக்கும் மானம் ரோஷம் இருக்குல்ல. கிழிஞ்ச நைட்டியை மூட்டை கட்டி அனுப்பறது வீட்டுல பீரோ காலி பண்றது, அவ்வளவுதான்.

2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டுச்சே, அப்போ தூத்துக்குடியில இருக்கற ஃபிரெண்டைக் கேட்டேன், அவ சொன்ன லிஸ்ட்: புதுப் பாய், போர்வை, கொசுவத்தி, நாப்கின், உள்ளாடை, மெழுகுவத்தி, பால் பவுடர். ரொட்டி வேண்டாம், லாரி லாரியா வந்திருக்குன்னா. அப்புறம் முதல் வாரம் எல்லாரும் குடுப்பாங்க, மூணாவது வாரம் ஆள் இருக்காது. 2018 நவம்பர்ல கஜா அடிச்சு தென்னை மரமெல்லாம் சாஞ்சப்போ, தென்னை மறுபடி காய்க்க வருஷக்கணக்காகும், ஆனா டிவி வண்டி கொஞ்ச நாள்ல கிளம்பிருச்சு. எங்க பங்குல பாதியை உடனே அனுப்பி மீதியை மூணு மாசம் கழிச்சு அனுப்பறதா வச்சிருக்கோம்.

சிக்னல்ல கையேந்துற பிள்ளைங்களுக்கு?

பிள்ளைங்களுக்கு நான் காசு குடுக்கறதில்ல, குழந்தைங்க உதவி எண் 1098-க்கு போன் பண்ணி இடத்தைச் சொல்லுவேன். வயசானவங்களுக்குக் குடுப்பேன், அந்த 3,000-ல இருந்து. அவர் அதுல டீ குடிச்சா என்ன, பீடி குடிச்சா என்ன, நான் சம்பளத்துல என்ன பண்றேன்னு யாராவது கேக்குறாங்களா.

தம்பி வெளிநாட்டுல இருக்கான், அவன் நேரா இங்க டிரஸ்டுக்கு அனுப்பலாமா?

இந்தியன் பாஸ்போர்ட் இருக்கான்னு கேளுங்க. இருந்தா அவன் சொந்தச் சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பறது வெளிநாட்டு நன்கொடையா கணக்கு ஆகாது. அந்த நாட்டு சிட்டிசன்ஷிப் வாங்கிட்டான்னா, ஓசிஐ கார்டு இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான், எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதி, இருக்கற அமைப்புதான் வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல இருக்கற அதுக்கான அக்கவுண்டுக்கு. சின்ன ஊர் டிரஸ்டுக்கு ஆசையில அனுப்பி அவங்களை சிக்கல்ல மாட்டி விட்டுடாதீங்க.

நாமளே அப்பா பேர்ல ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சா என்ன?

ஆரம்பிக்கறது ஈஸி, சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரம் பதிஞ்சிடலாம். அப்புறம் பான், 12ஏ, 80ஜி, வருஷா வருஷம் ரிட்டர்ன், ஆடிட்டர் பீஸ், வந்த வருமானத்துல 85 சதவீதத்தைச் செலவு பண்ணணும்னு விதி. வருஷத்துக்கு ஒரு லட்சம் குடுக்கறதுக்கு இருபதாயிரம் பேப்பருக்கே போயிரும். ஏற்கனவே நல்லா நடக்கற ஒரு இடத்துல அப்பா பேரைச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க.

உயில்ல எழுதி வைக்கலாமா?

வைக்கலாம், நீங்களே சம்பாதிச்ச சொத்துன்னா. முஸ்லிம்கள்ல மூணுல ஒரு பங்கு வரைக்கும். ரெண்டு சாட்சி வேணும், பதிவு கட்டாயம் இல்ல, ஆனா பண்ணிடுங்க. பச்சையப்ப முதலியார் 1794-ல இறந்தார், தர்மத்துக்குன்னு உயில் எழுதி வச்சுட்டுத்தான் போனார், ஆனா அந்தப் பணம் கோர்ட்டு வழக்குன்னு இழுத்து, அவர் பேர்ல பள்ளிக்கூடம் திறந்தது 1842-ல. நாப்பத்தெட்டு வருஷம். அதனால யார் நிறைவேத்தணும், எந்த இடத்துக்கு, அந்த இடம் அப்போ இல்லன்னா எங்கன்னு தெளிவா எழுதுங்க, முக்கியமா பிள்ளைங்களுக்கு இப்பவே சொல்லிடுங்க. அதைவிட, முடிஞ்சதை இருக்கும்போதே குடுத்துடுங்க. ஸ்ரீவைகுண்டத்துல நூலகரா இருந்த பாலம் கல்யாணசுந்தரம் ஐயா வருஷக்கணக்கா சம்பளத்தையே குடுத்தார், 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. நம்மால அது முடியாது, சரி, ஆனா அவர் உயிலுக்காகக் காத்திருக்கல.

பணமே இல்லைன்னா?

18-லருந்து 65 வயசுக்குள்ள, 45 கிலோ இருந்தா ரத்தம் குடுக்கலாம், ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பொம்பளைங்க நாலு மாசம். எங்க மாமனார் இறந்தப்போ கண் தானம் பண்ணோம், அதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், அந்த நேரத்துல யாருக்கும் ஒண்ணும் ஓடாது. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, இமையை மூடி, ஈரப் பஞ்சு வச்சு, தலைக்கு அடியில தலையணை வச்சு கொஞ்சம் தூக்கி வைக்கணும். டீம் வீட்டுக்கே வந்தாங்க, இருபது நிமிஷம், முகத்துல வித்தியாசமே தெரியல. கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் பண்ணவர், சுகர் இருந்துச்சு, எதுவும் தடையில்லைன்னாங்க. மாமியார்தான் முதல்ல சரின்னாங்க, நாங்க தயங்கிட்டு நின்னோம். உறுப்பு தானம் பண்றவங்க இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதைன்னு 2023 செப்டம்பர்ல அறிவிச்சிருக்காங்க. கண் வங்கி நம்பரை நோட்டு முதல் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன்.

நோட்டுல எழுதறது பெருமைக்கா? வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்வாங்களே?

ஊருக்குத் தெரிய வேண்டாம், வீட்டுக்குத் தெரியணும். எழுதாத வருஷம் நாங்க நிறைய குடுத்ததா நினைச்சுட்டு இருந்தோம், எழுத ஆரம்பிச்சப்புறம்தான் அது நாலாயிரத்து சொச்சம்னு தெரிஞ்சுது. இப்போ என் பொண்ணும் எழுதுவா, அவளுக்கு மாசம் நூறு ரூபாய் பங்கு. போன மாசம் அவ எழுதுன வரி, "பூனைக்கு பால் 24, மீதி 76 யோசிக்கணும்". இந்த மாசப் பக்கத்துல என் வரி ரெண்டுதான், ஹோம் மளிகை 1,500, வாட்ச்மேன் அண்ணன் பையன் பரீட்சை பீஸ் 660. கையில 340 இருக்கு, அடுத்த மாசத்துல சேரும்.